ரோலெக்ஸ் 1908 மஞ்சள் தங்கம்: சண்டை டயலில், சங்கதி லக்கில்

கேள்வி இது: ரோலெக்ஸின் "1908" என்ற வாட்சை மஞ்சள் தங்கத்தில் வாங்கலாமா? சேகரிப்பாளர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒமேகாவின் மூன்ஷைன், லாங்கேவின் ஹனிகோல்ட் என்று தனிப்பெயர் வைத்த தங்கங்கள் உண்மையிலேயே வேறா, விளம்பரமா? வெறும் 18 காரட்டுக்கு இந்த விலையா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், கணக்கு எளிது. ஒரு வாட்சில் கேஸ் (உடல்கூடு), பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்), கிரவுன் (சாவித் திருகு), பக்கிள் எல்லாம் சேர்த்துத் தங்கப் பாகங்கள் 40 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 750 முத்திரை என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம், அதாவது 30 கிராம் சொக்கத் தங்கம். நம் 916 நகைக் கணக்கில் ஏறக்குறைய 4 சவரன் நகைக்குள் இருக்கும் தங்கம் அது. அன்றைய விலையால் பெருக்கி வாட்சின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிச்சத் தொகை முழுவதும் செய்கூலி, மூவ்மெண்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்), பெயர். நகைக்கடைக் கண்ணோடு பார்த்தால் எந்தத் தங்க டிரெஸ் வாட்சும் (கோட்டு, முழுக்கைச் சட்டையோடு கட்டும் மெல்லிய வாட்ச்) தேறாது. அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

22 காரட்டில் ஏன் செய்வதில்லை என்றால், வளையல் கொஞ்சம் வளைந்தால் கையால் நிமிர்த்திக்கொள்ளலாம். வாட்ச் கேஸில் அது நடக்காது. பின்மூடியின் மரை, கேஸ்கெட் உட்காரும் பள்ளம், ஸ்ட்ராப்பைத் தாங்கும் ஸ்பிரிங் பார் நுழையும் ஊசித்துளை ஆகியவை நூறில் ஒரு மி.மீ. அளவுக்கு நிலையாக நிற்க வேண்டும். 22 காரட்டில் அந்தத் துளைகள் சில வருடங்களில் அகன்று, ஸ்ட்ராப் ஆடத் தொடங்கிவிடும். 18 காரட்டில் கலக்கும் 25 விழுக்காடுதான் அந்த உறுதியைத் தருகிறது. நிறத்தை முடிவு செய்வதும் அதே 25 விழுக்காடுதான்.

அந்தக் கால் பங்குக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு பொது அளவுகோல் உண்டு: ஐஎஸ்ஓ 8654. கடையில் "3என்", "5என்" என்று சொல்வது இதைத்தான். ஆயிரத்துக்கு 750 தங்கம் எல்லாவற்றிலும் ஒன்றே. 2என் என்றால் வெள்ளி 160, செம்பு 90: வெளிறிய மஞ்சள். 3என்-இல் இரண்டும் 125, 125: நாம் "தங்க நிறம்" என்று நினைப்பது. 4என்-இல் வெள்ளி 90, செம்பு 160: இளஞ்சிவப்பு. 5என்-இல் வெள்ளி 45 மட்டுமே, செம்பு 205: செந்தங்கம். வெள்ளி ஏற ஏற வெளிறும், செம்பு ஏற ஏறச் சிவக்கும். இதைப் புரிந்துகொண்டால் விளம்பரப் பெயர்களில் பாதி தானாக அவிழ்ந்துவிடும்.

ஒமேகா 2019இல், அப்போலோ 11 நிலவில் இறங்கிய 50ஆம் ஆண்டுக்காகக் கொண்டுவந்த மூன்ஷைன் தங்கத்தில் வெள்ளி 14.5 விழுக்காடு, செம்பு 9, பல்லேடியம் 1 அளவில். மேலே சொன்ன 2என்-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணன் தம்பி போல இருக்கும். வித்தியாசம் அந்தத் துளி பல்லேடியம். நிறம் மங்காமல் இருக்க அது. அதே நிறுவனத்தின் செட்னா தங்கம் சிவப்புப் பக்கம்: செம்பு குறைந்தது 20 விழுக்காடு, பல்லேடியம் குறைந்தது 1. ரோலெக்ஸின் எவரோஸ் (2005இல் காப்புரிமை பெற்றது) பல்லேடியத்துக்குப் பதில் பிளாட்டினம் சேர்க்கிறது. காரணம் மூன்றிலும் ஒன்றே. வியர்வையின் உப்பும், நீச்சல் குளத்தின் குளோரினும் மேற்பரப்பில் உள்ள செம்பைத் தாக்கும். சில வருடங்களில் செந்தங்கம் மேலே மஞ்சளாகவோ பழுப்பாகவோ திரும்பும். அதைத் தடுக்கத்தான் இந்தச் சேர்க்கை. ஆகவே செந்தங்கத்தில் தனிக்கலவைக்கு அர்த்தம் இருக்கிறது. செம்பு குறைவான மஞ்சள் தங்கத்தில் அதன் பலன் குறைவு. ரோலெக்ஸ் தன் மஞ்சள் தங்கத்துக்குத் தனிப்பெயர் எதுவும் வைக்கவில்லை. ஜெனீவாவை ஒட்டிய பிளான்-லெ-வாட் என்ற ஊரில் சொந்த உலையில் உருக்கிக்கொள்கிறது, அவ்வளவே.

இதில் ஒரு வேடிக்கை. 1940கள், 50களின் பழைய படேக் ஃபிலிப் வாட்ச் கேஸ்களில் தங்கம் பழுத்து, ஓரங்களில் செம்பழுப்பாக நிறம் ஏறியிருந்தால் ஏலத்தில் அதற்குத்தான் மவுசு. யாரும் பாலிஷ் போடவில்லை என்பதற்கு அந்தக் கறைதான் சாட்சி. நிறம் மாறாத தங்கம் வேண்டும் என்று காசு கொடுப்பதும் சேகரிப்பாளர்தான், நிறம் மாறிய தங்கத்துக்கு அதிகம் கொடுப்பதும் அவர்தான்.

ஹனிகோல்ட் விஷயம் வேறு. ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டேயில் இருக்கும் ஏ. லாங்கே & ஸோனே 2010இல் அறிமுகப்படுத்தியது இது. நிறம் செந்தங்கத்துக்கும் வெள்ளைத் தங்கத்துக்கும் நடுவே, பெயருக்கேற்ற தேன் சாயல். முக்கியமானது நிறமல்ல, கடினம். சேர்க்கைப் பொருள்களாலும் வெப்பப் பதத்தாலும் ஏறக்குறைய 320 விக்கர்ஸ் (கடினத்தை அளக்கும் அலகு) வரை போகிறது. வழக்கமான 18 காரட் மஞ்சள் தங்கம் மென்பதத்தில் 150 சுற்றி இருக்கும், அழுத்தி உருட்டி வேலை செய்தபின் 200-ஐத் தாண்டும். பலர் வியப்பது இங்கேதான்: வாட்சில் பயன்படும் எஃகும் 150, 200 வட்டத்தில்தான். "தங்கம் மெத்து, எஃகு கெட்டி" என்பது சொல்லும் அளவுக்கு உண்மையில்லை.

அப்படியானால் ஹனிகோல்டில் கீறல் விழாதா? விழும். மேசை மேல் இருக்கும் தூசியில் மணல் துகள் உண்டு. அதன் கடினம் சுமார் 1000. 150 ஆனாலும் 320 ஆனாலும் மணலுக்கு முன் எல்லாம் ஒன்றுதான். கடினம் உதவுவது வேறிடத்தில்: கதவு நிலையில் இடித்தால் விழும் நசுங்கல் சிறியதாக இருக்கும், லக்கின் (ஸ்ட்ராப்பைப் பிடிக்கக் கேஸிலிருந்து நீளும் கொம்பு) கூர் ஓரம் நீண்ட நாள் கூராக இருக்கும், ஸ்பிரிங் பார் துளை அகலாது. விலை வித்தியாசத்துக்கு நியாயம் தேடினால் இந்த மூன்றில் தேடுங்கள்.

தனிக்கலவைக்கு ஒரு பாதகமும் இருக்கிறது, கடைக்காரர் அதைச் சொல்வதில்லை. லக்கில் ஆழமான வெட்டு விழுந்தால், நல்ல பட்டறையில் அதே தங்கத்தின் மெல்லிய கம்பியை லேசரால் உருக்கிப் பள்ளத்தை நிரப்பி, மறுபடி வடிவம் எடுப்பார்கள். 3என், 5என் கம்பி எங்கும் கிடைக்கும். ஹனிகோல்ட், செட்னா, எவரோஸ் கம்பி வெளியே கிடைக்காது. வேறு கலவையால் நிரப்பினால் அன்றைக்கு ஒட்டிப்போனதுபோல் தெரியும். ஆறு மாதத்தில் அந்த இடம் மட்டும் தேமல் மாதிரி வேறு நிறத்தில் எழுந்து நிற்கும். ஆக, தனிக்கலவை வாங்கினால் பழுதுக்கு நிறுவனத்தின் வாசலைத் தவிர வேறு வாசல் இல்லை.

செந்தங்கம் எதுவாக இருந்தாலும் ஊர்ப் பத்தரிடம் வாட்ச் கேஸைச் சூடு காட்டக் கொடுக்கவே கூடாது. அவர் கைத்திறனில் குறையில்லை. 5என் போன்ற கலவையைச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால், சுமார் 400 பாகைக்குக் கீழே தங்க அணுவும் செம்பு அணுவும் வரிசை கட்டி உட்கார்ந்து, உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். சூட்டோடு தண்ணீரில் போட்டால்தான் அந்த வரிசை அமையாது. 22 காரட்டில் பழகிய கைக்கு இந்தப் பழக்கம் தேவைப்பட்டதில்லை. விளைவு உடனே தெரியாது. பின்னொரு நாள் பக்கிளின் முள் பட்டென்று ஒடியும்.

இனி 1908. 2023இல் செல்லினி வரிசையின் இடத்தில் ரோலெக்ஸ் இறக்கியது. ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் "ரோலெக்ஸ்" என்ற பெயரைச் சுவிட்சர்லாந்தில் பதிவு செய்த ஆண்டுதான் 1908. விட்டம் 39 மி.மீ., தடிமன் 9.5 மி.மீ. அளவில், உள்ளே 7140 என்ற தானியங்கி மூவ்மெண்ட், 66 மணிநேரம் ஓடும், நாளுக்குக் கூட்டியோ குறைத்தோ 2 நொடிக்குள் துல்லியம், 50 மீட்டர் நீர்க்காப்பு. முதலில் மஞ்சள் தங்கமும் வெள்ளைத் தங்கமும் வந்தன. 2024இல் பனிநீல டயலோடு பிளாட்டினம், 2025இல் மஞ்சள் தங்கத்தில் ஏழு துண்டு இணைப்புகள் கொண்ட செட்டிமோ பிரேஸ்லெட்.

சேகரிப்பாளர் சண்டை பெரும்பாலும் டயலைச் சுற்றித்தான். 3, 9, 12 எண்களாகவும் மற்றவை கோடுகளாகவும் இருப்பது ஒரு சாராருக்கு ஒட்டாத இரண்டு சட்டைத்துணியைத் தைத்ததுபோல் படுகிறது. மணிமுள்ளின் நுனிக்கு முன்னால் இருக்கும் வட்டத்தைச் சிலர் பழைய அழகு என்கிறார்கள், சிலர் பிறரிடமிருந்து கடன் வாங்கியது என்கிறார்கள். இன்னொரு சச்சரவு, முன்புறம் பாதி குவிந்தும் பாதி நுண்ணிய வரிப்பள்ளங்களோடும் இருக்கும் பெசல். கண்ணாடிப் பின்மூடியை மட்டும் ஏறக்குறைய எல்லோரும் வரவேற்றார்கள். மூடிய முதுகோடு பல காலம் விற்ற நிறுவனம் மூவ்மெண்டைத் திறந்து காட்டுவது சின்ன விஷயமில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், டயல் சச்சரவு ரசனைச் சண்டை. கண்ணாடி முன் ஐந்து நிமிடம் கையில் கட்டிப் பார்த்தால் முடிந்துவிடும். பேசவேண்டியது மூன்று. தடிமன், மூவ்மெண்டின் அளவு, கேஸின் ஓரங்கள்.

தடிமனில் 1908 நடுத்தரம்தான். 2021இல் வந்த படேக் ஃபிலிப் காலட்ராவா 6119-உம் 39 மி.மீ., ஆனால் தடிமன் 8.1 மி.மீ. போலத்தான். அது கையால் சாவி கொடுப்பது, கை அசைவில் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும் ரோட்டர் இல்லை. அதன் 30-255 மூவ்மெண்ட் 2.55 மி.மீ. தடிமனில் இரண்டு பேரல்களை (ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பாக்கள்) வைத்து 65 மணிநேரம் ஓடுகிறது. 2020இல் லாங்கே 175 மட்டுமே செய்த ஹனிகோல்ட் "1815 தின்" மாடல் 38 மி.மீ. விட்டத்தில் 6.3 மி.மீ. தடிமன், எனாமல் டயல், நொடிமுள்ளே கிடையாது. முழுக்கைச் சட்டையின் கஃப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். 6.3 தானாக உள்ளே போகும், 8 போகும், 9.5 சில சட்டைகளில் சிக்கிக்கொள்ளும். தானியங்கி வேண்டுமா, மெலிவு வேண்டுமா என்பதே இங்கே கேள்வி. தினமும் மாற்றி மாற்றி வாட்ச் கட்டுகிறவருக்குச் சாவி கொடுப்பது சுமையல்ல. ஒன்றையே கட்டுகிறவருக்கு 1908 வசதி.

மூவ்மெண்டின் அளவைக் கேஸைத் திறக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சிறுநொடி வட்டம் (நொடிமுள் தனியாகச் சுற்றும் குட்டி வட்டம்) எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். டயலின் நடுவை ஒட்டி ஏறி இருந்தால், பெரிய வீட்டில் சின்ன இயந்திரம். கீழ் விளிம்புக்கு அருகே இருந்தால் மூவ்மெண்ட் கேஸை நிரப்புகிறது. 6119-இல் மூவ்மெண்டின் விட்டம் 31 மி.மீ., அதனால்தான் அந்த வட்டம் சரியான இடத்துக்கு இறங்கியது, சேகரிப்பாளர்களும் உச்சுக்கொட்டாமல் ஏற்றுக்கொண்டார்கள். வஷரோன் கான்ஸ்டன்டினின் 2024 பேட்ரிமனி 39 மி.மீ. கேஸில் 20 மி.மீ. சொச்சமே விட்டமுள்ள மூவ்மெண்டை வைத்திருக்கிறது. நொடிமுள் இல்லாததால் டயலில் தெரியாது, மூடிய முதுகால் பின்னாலும் தெரியாது. அழகான வாட்ச்தான், ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

மூன்றாவது கேஸ் ஓரம், பழையது வாங்குகிறவருக்கு இதுவே தலையாயது. ஒவ்வொரு பாலிஷும் தங்கத்தை எடுக்கிறது. கனத்தில் போவது மில்லிகிராம் கணக்கு, கண்ணுக்குத் தெரியாது. வடிவத்தில் போவது தெரியும். லக்கின் மேல்முகமும் பக்கமுகமும் சந்திக்கும் கோடு முதலில் உருளும், பின் மறையும், கடைசியில் லக் சோப்புக்கட்டி மாதிரி ஆகும். 1908-இல் இன்னொரு வம்பு: அந்த நுண்வரிப் பெசல். வரிகளின் முகட்டைத் துணிச்சக்கரம் தொட்டாலே மழுங்கிவிடும், திரும்ப வெட்ட முடியாது, பெசலையே மாற்ற வேண்டும்.

சரிபார்க்க 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) போதும். வெள்ளைக் காகிதத்தின் மேல், ஒற்றை விளக்கின் கீழ் வாட்சைச் சாய்த்து, விளக்கின் பிம்பம் லக்கின் மேல் ஓடுவதைப் பாருங்கள். தொடாத கேஸில் பிம்பம் ஓரம் வரை நேராக ஓடிச் சட்டென்று முறியும். பாலிஷ் வாங்கியதில் ஓரத்துக்கு முன்பே வளைந்து வழியும். அடுத்து முத்திரை. சுவிஸ் தங்கக் கேஸில் 750 என்ற எண்ணோடு அரசு முத்திரையும் இருக்கும், பெரும்பாலும் லக்கின் பின்புறம். 1995 ஆகஸ்டுக்குப் பிறகு அது செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை, அதற்கு முன் 18 காரட்டுக்கு ஹெல்வெட்டியா என்ற பெண்ணின் தலை. நாயின் காதில் முத்திரையிட்ட அலுவலகத்தின் எழுத்துகூட இருக்கும், ஜெனீவாவுக்கு ஜி. நாயின் முகவாய் தெளிவாகத் தெரிந்தால் அந்த லக்கை யாரும் அதிகம் தேய்க்கவில்லை. வெறும் கறைபோல் இருந்தால் விற்பவர் "மின்ட் கண்டிஷன்" என்று சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். 2023க்குப் பிறகு செய்த 1908-இல் பெண் தலை இருந்தால், சொல்லவே வேண்டாம்.

நான்கு லக்குகளிலும் ஸ்பிரிங் பார் துளையைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டும். நீள்வட்டம் என்றால் ஸ்ட்ராப்பைக் கண்டபடி இழுத்து மாற்றியிருக்கிறார்கள். நீங்களே மாற்றும்போது லக்கின் உட்புறத்தில் டேப் ஒட்டிக்கொண்டு, வாட்ச்காரர்களின் இருமுனை இடுக்கியால் ஸ்பிரிங் பாரின் இரு நுனியையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஒற்றை முள் கருவி வழுக்கினால் பளபளப்பான பின்புறத்தில் விழும் கோடு அழியாது.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி புழுக்கமான ஊரில் கட்டுவதென்றால் முதலில் தோற்பது தங்கமல்ல, முதலைத்தோல் ஸ்ட்ராப். வியர்வை ஊறி, உட்பக்கம் கறுத்து, ஒரு வருடத்தில் வாடை அடிக்கும். வெயிலில் காயவைத்தால் விறைத்து மடிப்பில் வெடிக்கும். மின்விசிறிக் காற்றில், நிழலில் காயவிடுங்கள், ஒரே ஸ்ட்ராப்பை அடுத்தடுத்த நாள் கட்டாதீர்கள். நிறுவனம் தந்த ஸ்ட்ராப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, நல்ல கன்றுத்தோல் போட்டுக்கொள்கிற சேகரிப்பாளர்கள் நிறைய. விற்கும்போது புத்தம் புதிய அசல் ஸ்ட்ராப் கையில் இருக்கும். முதலைத்தோல் ஸ்ட்ராப்பை வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்காதீர்கள். முதலை இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கைக்குள் வருகின்றன, அனுமதிச் சீட்டில்லாத பொட்டலம் சுங்கத்திலேயே நின்றுவிடும்.

அதே கையில் எஃகுக் காப்போ கல் பதித்த வளையலோ வேண்டாம். தங்க வாட்சுகளில் 9 மணிப் பக்கத்து லக்குகள் மட்டும் தனியாகத் தேய்ந்திருந்தால் காரணம் அநேகமாக இதுதான். துடைக்க, மெல்லிய மைக்ரோஃபைபர் துணியின் மூலையை நனைத்து ஒரு சொட்டு மிதமான சோப்பு போதும், வரிப் பெசலுக்குக் குழந்தைகளின் மென் பிரஷ். பூந்திக்கொட்டைத் தண்ணீர் நகைக்கு நல்லது, ஆனால் ஊறப்போடுகிற பழக்கத்தை வாட்சிடம் காட்டாதீர்கள். பற்பசை கூடவே கூடாது. அதில் இருப்பது தேய்ப்புத்தூள், கையாலேயே ஒரு பாலிஷ் போட்டதற்குச் சமம்.

விலை நிற்குமா என்றும் பலர் மனதுக்குள் கேட்பார்கள். தங்கம் ஏறினாலும் டிரெஸ் வாட்ச் அதோடு சேர்ந்து ஏறுவதில்லை. எஃகு விளையாட்டு வாட்சுக்கு இருக்கும் காத்திருப்பு வரிசை இதற்கு இல்லை. தோல் ஸ்ட்ராப் 1908-ஐ வாங்கி உடனே விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். செட்டிமோ பிரேஸ்லெட் உள்ளதில் தங்கக் கனம் அதிகம் என்பதால் அடிவிலை கொஞ்சம் உறுதி, ஆனால் 18 காரட்டின் அடர்த்தி எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெல்லிய மணிக்கட்டில் நாள் முழுக்கத் தொங்கும். கடையில் நின்றபடி இரண்டு நிமிடம் கட்டிப் பார்ப்பது போதாது. உட்கார்ந்து, கையை மேசையில் வைத்து, கால் மணிநேரம் பேசிக்கொண்டே கட்டியிருங்கள்.

எனவே உங்கள் கேள்விக்கு: மஞ்சள் நிறம் பிடிக்கும், ஒரே வாட்சைத் தினமும் கட்டுவேன், சாவி கொடுக்க முடியாது என்றால் 1908 மஞ்சள் தங்கம் தோல் ஸ்ட்ராப்பில் சரியான தேர்வு. மெலிவுதான் முதல் ஆசை என்றால் 6119. ஆனால் அது வந்தபோது ரோஸ், வெள்ளை இரண்டு தங்கங்களில் மட்டுமே. செந்தங்கம் வேண்டும், கடலும் குளமும் பக்கத்தில் என்றால் பல்லேடியமோ பிளாட்டினமோ சேர்ந்த கலவையைக் கேளுங்கள். ஹனிகோல்டை அதன் கடினத்துக்காக வாங்குங்கள், கீறல் விழாது என்று யாராவது சொன்னதற்காக வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் முதல் சர்வீஸுக்குக் கொடுக்கும் சீட்டில் "கேஸ் பாலிஷ் வேண்டாம்" என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். சொல்லாவிட்டால் பல சர்வீஸ் மையங்களில் அது தானாகவே சேர்ந்துவிடும், திரும்பி வரும்போது வாட்ச் பளபளவென்று இருக்கும், லக்கின் ஓரம் இருக்காது.